சூரியனைத் துரத்திய லிஃப்ட்

என் அக்காவைக் கட்டிய இயேசுதாசன் அத்தானுக்குச் சிங்கப்பூரில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. தினமும் நாற்பது மாடி ஏறி இறங்கும் மனிதர், பூமி மட்டும் தோசைக்கல் மாதிரித் தட்டை என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் டீ மேசையில் அவர் வாயைத் திறந்தால், சனங்கள் கையில் கறி பஃபோடு மெல்ல நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அவமானமாக இருக்கும். உறவாயிற்றே, நகரவும் முடியாது.

நகராமல் நின்று மல்லுக்கட்டியவர் குணமணி அக்கா ஒருவர்தான். யாழ்ப்பாணக் குடும்பம், கப்பல் அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவர்.

"சூரியன் மறையுறது இல்லக்கா, தூரமா போகுது. எம்ஆர்டி தண்டவாளம் தூரத்துல ஒண்ணு சேர்ற மாதிரித் தெரியுதுல்ல? அதே கண் மயக்கம்தான் லா."

"தூரமா போனா சின்னதாகணுமே தம்பி. அது ஏன் அதே சைஸ்ல, அடிப்பக்கம் முதல்ல வெட்டுப்பட்டு முங்குது?"

அத்தான் சளைக்கவில்லை. கடைசியில் பந்தயமாகிவிட்டது. மேற்குக் கடலைப் பார்த்த நாற்பது மாடிக் குடியிருப்புப் புளோக் ஒன்று அவர் பராமரிப்பில் இருந்தது. கீழே சூரியன் முழுதாக மறைந்ததும் லிஃப்டில் உச்சிக்குப் போக வேண்டும். மறுபடி தெரிந்தால், அதை மறைத்தது கடலின் வளைவுதான். தெரியாவிட்டால் குணமணி அக்கா மன்னிப்புக் கேட்பார். தெரிந்துவிட்டால் அத்தான் இனி டீ மேசையில் 'பூமி' என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. அதற்குப் பதில் அவரைப் பட்டினி போட்டிருக்கலாம்.

"உச்சியிலயும் அது மறைஞ்சிடும், ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் டைம் இருக்கும்" என்று அக்கா எச்சரித்தார்.

சனிக்கிழமை மாலை கடைசிக் கீற்றும் முங்கியது. மூவரும் லிஃப்டுக்கு ஓடினோம். கிளம்பிய லிஃப்ட் ஒன்பதாம் மாடியில் நின்றது. கதவு திறந்தால் ஆளைக் காணோம். யாரோ பொத்தானை அமுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

"டைம் போச்சேக்கா!"

"உங்க லிஃப்ட் இவ்வளவுதானா? எங்க புளோக் லிஃப்டே தேவல போல."

அத்தான் முகம் சுண்டிப்போயிற்று. இருபது வருடத்தில் அவர் லிஃப்டை யாரும் அப்படிச் சொன்னதில்லை. இடுப்புச் சாவியை உருவி, பொத்தான் பலகையில் செருகித் திருப்பினார்.

"இனி எவன் அமுக்குனாலும் நிக்காது. பாருங்க!"

நுணலும் தன் வாயால் கெடும். நாற்பதாம் மாடியில் கதவு திறந்தபோது, கடல்மேல் சிவப்பாக ஒரு துண்டு சூரியன் மிச்சமிருந்தது. மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டாம் முறையாக மறைந்தது. எனக்கு அத்தானை நினைத்துப் பாவமாக இருந்தது. அவரோ தன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் டீ மேசையில் அவர் வாக்கைக் காப்பாற்றினார். பூமி என்று மூச்சு விடவில்லை.

"முங்குன சூரியனையே துரத்திப் பிடிச்ச லிஃப்ட் சிங்கப்பூர்ல எது தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

"அப்ப உருண்டைன்னு ஒத்துக்கிறீங்க?" என்றார் குணமணி அக்கா.

"அது உருண்டையா இல்லாட்டி என் லிஃப்ட் எப்படி ஜெயிச்சிருக்கும் லா?" என்று சீறினார் அத்தான்.

பிறகு வளைவு, உயரம், நேரம் என்று அரை மணி நேரம் விளக்கினார். இந்தத் தடவை கறி பஃபோடு மெல்ல நகர்ந்தவர் குணமணி அக்காதான்.