புரட்டாசியில் பூண்டுச் சோறு

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு வாசற்படியை ஒரு முட்டைகூடத் தாண்டக் கூடாது. சட்டம் என்னுடையது இல்லை, என் வீட்டுக்காரருடையது. மாசம் முழுக்கக் கவுச்சி கிடையாது. சனிக்கிழமை என்றால் பூண்டும் வெங்காயமும் கிடையாது. விடியும் முன்னே தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு, பெருமாளுக்குத் தளிகை படைத்து முடிக்கிற வரைக்கும் மனிதர் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். முந்தின நாள் சோற்றில் ஒரு பருக்கைகூட அன்றைக்கு அடுப்படியில் இருக்கக் கூடாது. கல்யாணமான புதிதில், ஒரு சனிக்கிழமை, கைப்பழக்கத்தில் ரசத்தில் ரெண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுவிட்டேன். சட்டி ரசமும் தென்னைமரத்துக்குப் போனது. அப்பேர்ப்பட்ட வீடு.

அந்த வீட்டுக்கு, சரியாகப் புரட்டாசி மாசம் பார்த்து, பிலிப்பைன்ஸ் நாட்டு மருமகள் வந்து இறங்கினாள்.

என் மகன் துபாயில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறான். அதே ஓட்டலில் வரவேற்பு மேசையில் நின்றவள் இவள். எங்களைக் கேட்டுக்கொண்டுதான் அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள், பொய் சொல்லக் கூடாது. ஒரு மாச லீவில் திண்டிவனம் வந்தார்கள். வந்த வாரமே அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் இருக்கிற வீட்டுக்கெல்லாம் சர்க்கரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க விட்டதா மசக்கை? நானும் ரெண்டு பெற்றவள்தான். இப்படியொரு மசக்கையை நான் கண்டதே இல்லை. இட்லி கொடுத்தால் நிற்கவில்லை. கஞ்சி நிற்கவில்லை. இளநீர், மாதுளைச் சாறு, கேப்பைக்கூழ், எதுவும் ஊஹூம். விழுங்கின கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுவாள். பின்னாலேயே துண்டும் கையுமாக என் மகன் ஓடுவான். வந்தபோது கொழுகொழுவென்று இருந்த கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய்விட்டது.

விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். டிரிப்ஸ் ஏற்றினார். "எடை ரொம்ப இறங்கிப்போச்சும்மா. வாய் வழியா ஏதாவது போய் உள்ள நிக்கணும். இப்படியே போனா அம்மாவுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. அவங்க எதைக் கேக்கறாங்களோ அதைக் குடுங்க" என்றார்.

கேட்டால்தானே கொடுப்பதற்கு! அவள் வாயைத் திறந்தால், "ஓகே, அம்மா. தேங்க்யூ, அம்மா." அவ்வளவுதான். எனக்கு என் மசக்கையில் தாளிக்கிற வாசனையே ஆகாது. அதனால் அவளுக்கும் ஆகாது என்று நானே முடிவு கட்டி, வீட்டில் தாளிப்பையே நிறுத்தியிருந்தேன். இருந்த பூண்டையெல்லாம் கட்டிப் பரண்மேல் ஏற்றியாகிவிட்டது. குழம்பு ஆஸ்பத்திரிக் குழம்பு மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்காரரும் அதையே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விழுப்புரத்திலிருந்து வாடகைக் காரில் திரும்பி வரும்போது, எனக்குத் தெரிந்த இங்கிலீஷைக் கூட்டிச் சேர்த்து அவளிடமே கேட்டேன். "யுவர் அம்மா ஹவுஸ்... மார்னிங்... வாட் ஈட்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் மகன் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள். கையை ஆட்டி, விரலால் எதையோ நசுக்கிக் காட்டி, மூக்கை உறிஞ்சிக் காட்டி, நிறுத்தாமல் பேசினாள். எங்கள் வீட்டுக்கு வந்து அவள் அத்தனை பேசி நான் கேட்டதில்லை. பேசி முடிக்கும்போது கண்ணில் தண்ணீர் நின்றது.

"அவங்க ஊர்ல காலையில, ராத்திரி மீந்த சோத்தைப் பூண்டு போட்டு வறுப்பாங்களாம்மா" என்றான் மகன். "நெறையப் பூண்டு. அவங்க வீட்டுல மொளகாயும் போட்டு நல்லா காரமா பண்ணுவாங்களாம். தொட்டுக்கக் கருவாடு. அதை வினிகர்ல தோய்ச்சித் தின்னுவாங்களாம். அந்த வாசனையிலதான் தெனமும் எழுந்திருப்பாளாம். கனவுலகூட அதான் வருதாம்."

"அட அறிவு கெட்டவனே, இதை மொதல்லியே சொல்றதுக்கு இன்னாடா?"

"புரட்டாசி ஆச்சேம்மா. இதெல்லாம் வீட்டுல கேக்காதன்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

ஓடுகிற காராக இல்லாவிட்டால் ஒரு அறை விட்டிருப்பேன். முழுகாமல் இருக்கிறவள் வாய் கேட்டதைக் கொடுக்காமல் விடுவது எங்கள் பக்கத்தில் பெரிய பாவம். எதிர்வீட்டுக்காரியாக இருந்தாலும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஓடுவோம். சொந்த மருமகள் ஆசையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வாடியிருக்கிறாள். வீட்டுக்காரர் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்ததோ என்னவோ, திரும்பவே இல்லை.

அன்றைக்கு வியாழக்கிழமை. வியாழன், வெள்ளியில் பூண்டுக்குத் தடையில்லை. கருவாடு முடியாவிட்டாலும் சோறாவது வறுத்துக் கொடுத்துவிடலாம் என்று ராத்திரிக்கு ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டு வடித்தேன். சோறு உதிரி உதிரியாக, ஆறி, காய்ந்து இருக்க வேண்டும், அதுதான் முக்கியம் என்று அவள் சொல்லியிருந்தாள். மீந்ததைக் குண்டானில் அப்படியே வைத்து, தட்டு போட்டு மூடிவிட்டுப் படுத்தேன்.

காலையில் தட்டைத் திறந்தால் குண்டான் தளும்பத் தண்ணீர்.

"யாரு இதுல தண்ணி ஊத்தனது?"

"நான்தான்" என்றார் வீட்டுக்காரர், பெருமையாக. "படுக்கறதுக்கு முன்ன பாத்தேன், சோறு அப்படியே கெடந்துச்சு. நீ மறந்துட்டன்னு நானே ஊத்தி, உப்பும் போட்டு வெச்சேன்."

எங்கள் வீடுகளில் மீந்த சோற்றைக் கண்டால் தண்ணீர் ஊற்றாமல் கை நிற்காது. அவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்த நேரத்தில் நியாயமெல்லாம் யாருக்கு வேண்டும்?

"முப்பது வருஷமா இந்த அடுப்படியில ஒரு டம்ளர் கழுவி வெச்சதில்ல. நேத்து ராத்திரின்னு பாத்து உங்களுக்கு எங்கருந்து இந்த அக்கறை பொத்துக்கினு வந்துச்சு? அந்தப் பொண்ணு வாயைத் தொறந்து கேட்டதே இது ஒண்ணுதான்!"

"சோத்துல தண்ணி ஊத்தனது ஒரு குத்தமா? பேஜாராப் போச்சே உன்னோட" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

மனசு கேட்காமல் அந்தச் சோற்றையே பிழிந்து, வடிகட்டி, பூண்டு போட்டு வறுத்துப் பார்த்தேன். களியாகக் குழைந்து வாணலியில் அப்பிக்கொண்டது. அவள் என் முகத்துக்காக ஒரு வாய் வைத்தாள். "ஓகே, அம்மா" என்றாள். அடுத்த நிமிஷம் ஓடினாள்.

மறுபடி விழுப்புரம், மறுபடி டிரிப்ஸ். டாக்டரம்மாவின் முகம் இந்தத் தடவை நன்றாக இல்லை. "நாளைக்கும் ஒண்ணும் நிக்கலன்னா மாத்துத் துணியெல்லாம் எடுத்துக்கினு சாயந்திரம் வந்துடுங்க. அட்மிட் பண்ணிடலாம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் மகன் ஒரு பையில் அவள் துணிகளை அடுக்கிக் கதவோரம் வைத்தான். வீட்டுக்காரர் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பாதியில் கை கழுவிவிட்டார்.

அன்றைக்கும் சோறு கூடுதலாக வடித்தேன். தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்து, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் மாவுக் குண்டானுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். விடிந்தால் புரட்டாசிச் சனிக்கிழமை. வருவது வரட்டும், இவர் பூஜையில் உட்கார்ந்ததும் தோட்டத்தில் அடுப்பைப் போட்டு வறுத்துவிடுகிறேன், பெருமாள் என்னைக் கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

காலையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து, திருட்டுத்தனமாகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். தலையில் ஈரம் சொட்ட, நெற்றியில் பளிச்சென்று நாமத்தோடு வீட்டுக்காரர் வந்து எதிரில் நின்றார். முந்தானையால் மூடினேன். பூண்டை மூடலாம், வாசனையை எதைப் போட்டு மூடுவது? சரி, இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று நானும் எழுந்து நின்றேன்.

"கருவாடுன்னுதே அந்தப் பொண்ணு, அது இன்னா கருவாடு?" என்றார்.

முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உன்னத்தான் கேக்கறேன். அதுக்குப் புடிச்சதா இருக்கணும் இல்ல?"

"சின்ன மீனா இருந்தாப் போதும்... நெத்திலி..." என்று இழுத்தேன்.

ஒயர்கூடையை எடுத்து வண்டியில் மாட்டினார். எனக்குப் பதறிவிட்டது. "ஏங்க, நாமத்தையாவது தொடச்சிட்டுப் போங்க! மார்க்கெட்டுல நாலு பேரு பாப்பாங்க."

"போட்ட நாமத்தை எதுக்குத் தொடைக்கறது? நான் இன்னா திருடவா போறேன்?"

வண்டி போய்விட்டது. நான் பூண்டுத் தோலோடு அப்படியே நின்றேன். இந்த மனிதரோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன், எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். அன்றைக்கு அவர் மேல் வந்த பிரியம் கல்யாணம் ஆன வருஷத்தில்கூட வந்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

காகிதப் பொட்டலத்தில் நெத்திலிக் கருவாடும், ஒரு வினிகர் பாட்டிலும் கொண்டுவந்தார். பாட்டிலைப் பார்த்ததும்தான், காரில் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது. "அந்தக் கருவாட்டுக்காரம்மா என் நெத்தியப் பாத்துட்டு, 'இன்னாங்க, சனிக்கிழமையும் அதுவுமா?'ன்னுது. 'மருமவ முழுவாம இருக்குது, வாய் கேக்குது'ன்னேன். அவ்ளோதான், மண்ணு இல்லாததாப் பாத்து அதுவே பொறுக்கிப் போட்டுச்சு."

"தோட்டத்துலியே வறுத்துடறேங்க."

"எதுக்கு? உள்ளியே வறு. அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து சொல்லணும் இல்ல? வெயில்ல எங்க போய் உக்காரும்? ஜல்தியா ஆவட்டும்."

அடுப்படியில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தோம். பூண்டைப் பொடியாக அரிந்து, வாணலியில் மல்லாட்டை எண்ணெய், அதுதான் கடலை எண்ணெய், ஊற்றினேன். கை தானாகக் கடுகு டப்பாவுக்குப் போனது. "நோ, அம்மா." கறிவேப்பிலைக்குப் போனது. "நோ, அம்மா." கடுகு வெடிக்காத எண்ணெயில் எதையாவது போடுவது எனக்கு வாசல் தெளிக்காமல் கோலம் போடுகிற மாதிரி இருந்தது. பூண்டைப் போட்டதும் தீயைக் கூட்டப் போனேன். "ஸ்லோ, அம்மா, ஸ்லோ" என்றாள். சின்னத் தீயில் பூண்டு மெதுவாக நிறம் மாறியது. இளம் பொன்னிறம் வந்ததும் கையைத் தூக்கினாள். பாதிப் பூண்டை அரித்துத் தனியாக எடுத்தேன். மீதியில் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, சோற்றை விரலால் உதிர்த்துக் கொட்டி, உப்புத் தூவி, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தேன். சில பருக்கைகள் மொறுமொறுப்பாக ஒட்டி வந்தன. அவற்றைப் பார்த்து, அப்படித்தான் என்று அவள் தலையை ஆட்டினாள்.

இன்னொரு அடுப்பில் கருவாடு. வெந்நீரில் அலசி, தலை கிள்ளி, எண்ணெயில் போட்டதும் எழுந்தது பார் ஒரு வாசனை! புரட்டாசிச் சனிக்கிழமை, நாமக்காரர் வீட்டு ஜன்னலிலிருந்து கருவாட்டு வாசனை. தெருவே மூக்கில் விரல் வைத்திருக்கும், வைத்துக்கொள்ளட்டும். வினிகரில் பச்சை மிளகாயும் பூண்டும் நசுக்கிப் போட்டு, தனியாக எடுத்த பூண்டைச் சோற்றின் மேல் தூவி, தட்டை அவள் மடியில் வைத்தேன்.

வந்ததிலிருந்து ஸ்பூனில் சாப்பிட்டவள், ஸ்பூனைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் அள்ளினாள். ஒரு நெத்திலியை வினிகரில் தோய்த்துச் சோற்றோடு சேர்த்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். மிளகாய்க்கு மூக்கில் தண்ணீர் ஒழுகியது, கண்ணிலும் ஒழுகியது. ரெண்டில் எது காரத்துக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. தட்டு காலியானது.

அதற்கப்புறம்தான் எங்களுக்குச் சோதனை. மகன் துண்டோடு பாத்ரூம் வாசலில் நின்றான். நான் சொம்பில் தண்ணீரோடு நின்றேன். வீட்டுக்காரர் கூடத்தில் சுவரைப் பார்த்து நின்றார், ஆனால் காது இங்கேதான். அவள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வயிற்றைத் தடவினாள். பெரிய ஏப்பமாக ஒன்று விட்டாள். பிறகு தட்டை என் பக்கம் நீட்டி, "இன்னும், அம்மா" என்றாள், தமிழில்.

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டேதான் வாணலியைச் சுரண்டினேன்.

அந்தத் தட்டும் உள்ளேயே நின்றது. மகன் கதவோரம் இருந்த பையை எடுத்துக்கொண்டு போய்த் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினான். நான் வீட்டைக் கழுவிவிட்டுத் தளிகைக்கு உலை வைக்கும்போது உச்சி வெயில் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் இன்னொரு தடவை தலைக்குக் குளித்தார். நாமத்தைப் புதிதாகப் போட்டுக்கொண்டார். வீடு முழுக்க இன்னும் கருவாட்டு வாசனை. பெருமாள் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு, கைகூப்பி, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"பெருமாளே, வாசனையைப் பொறுத்துக்க. புள்ள சாப்டுச்சு. வயித்துலயும் நின்னுச்சு."

கற்பூரம் ஏற்றப் போனவர், எதையோ யோசித்துக்கொண்டு மறுபடி நிமிர்ந்தார்.

"நாளைக்கும் வறுப்பாங்க. இப்பவே சொல்லிட்டேன்."