எட்டுக் கடிதமும் ஒரு பச்சைப் பிரிட்ஜும்

போன மாதம் எங்கள் மகள் ஸ்காபரோவின் ரூஜ் பக்கம் வாங்கிய வீட்டுக்குப் புது பிரிட்ஜ் ஒன்று வந்து இறங்கியது. பச்சை. மழைக்காலத்துப் பாசியின் பச்சை. "இப்ப உதுதான் அப்பா ட்ரெண்ட். செவன்டீஸ் லுக்," என்றாள். விலையைக் கேட்டேன். கேட்டுவிட்டு, பெட்டியோடு வந்த ஸ்டைரோஃபோம் கட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். என் மனைவி பிரிட்ஜைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிறகு சிரிக்கத் தொடங்கினா. சாமான் இறக்க வந்த பெடியன்கள் இரண்டு பேரும் தங்கள் காற்சட்டையில் ஏதும் கிழிசலோ என்று தடவிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தா.

மகளுக்குக் காரணம் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. பெற்றோரின் மரியாதையைக் கொஞ்சமாவது காப்பாற்ற வேண்டுமே. இப்போது அவளுக்கும் வயது வந்துவிட்டது, எனக்கும் மரியாதை போய்விட்டது. சொல்லலாம்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது எண்பதுகளின் பின்பாதியில். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் ஐந்து பேர். வேலை, பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில். எனக்குத் தெரிந்த கனடா அவ்வளவுதான்: வாளி, பஸ், பேஸ்மென்ட். வீட்டுக்காரர் ஒரு வயதான வெள்ளைக்காரர். அமெரிக்காவில் இருபது வருசம் வேலை செய்துவிட்டு இங்கே வந்து ஓய்ந்தவர். எதையும் எறியாத பிறவி. அவருடைய உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு ஒரு கால் கட்டை. அந்தக் காலுக்கு முட்டுக்கொடுத்து ஒரு தடித்த புத்தகம் வைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை மெஷின் துள்ளிய துள்ளில் புத்தகம் வெளியே வந்து விழுந்தது. அட்டை இல்லை. முதல் பத்துப் பக்கமும் ஊறிப் போய்விட்டது. மிச்சம் ஆயிரம் பக்கம், முழுக்கச் சாமான்களின் படமும் விலையும். எழுதிப் போட்டால் தபாலில் அனுப்பிவைக்கிற கடையொன்றின் புத்தகம். மெஷினுக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் புத்தகத்தை நான் எடுத்துக்கொண்டேன். என் இங்கிலீசுக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

அப்படியொரு உலகம், கண்டியளோ! ஆண்களுக்குக் கிருதா காதைத் தாண்டி வாய்வரைக்கும் வந்து நின்றது. சட்டைக் கொலர் இரண்டும் பருந்தின் செட்டை மாதிரித் தோளில் படுத்திருந்தன. காற்சட்டை தொடையில் இறுக்கி, பாதத்தில் விரிந்து, மழை வந்தால் இரண்டு பிள்ளைகள் உள்ளே ஒதுங்கலாம் போலிருந்தது. ஆணும் பெண்ணுமாக எட்டுப் பேர் ஒரே சட்டியில் சீஸை உருக்கி, நீட்டுக் கம்பியில் பாண் துண்டைக் குத்தி ஆளாளுக்குத் தோய்த்துத் தின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். எச்சில் பார்க்காத சனம் என்று எனக்கு மதிப்பு வந்தது. தண்ணீர் நிரப்பிய மெத்தை இருந்தது. கோயில் மூலஸ்தானம் மாதிரி இரண்டு கதவு வைத்த மரப்பெட்டிக்குள் டிவி இருந்தது. கார்பெட்டுக்கு ஆட்டுக்கு இருக்கிற அளவு மயிர். குசினிச் சுவரில் மஞ்சள் டெலிபோன். அதன் சுருள் வயரால் ஒரு மாட்டைக் கட்டி மேய விடலாம். எல்லாம் பச்சை, காவி, கடுகு மஞ்சள். நல்ல சேர்ட் நாலு டொலர் தொண்ணூற்றொன்பது சதம். பிரிட்ஜ் இருநூற்றுச் சொச்சம். ஓரங்களில் வீட்டுக்காரர் பென்சிலால் வேறு குறித்து வைத்திருந்தார்: பெற்றோல் கலன் முப்பத்தாறு சதம், முத்திரை எட்டுச் சதம்.

அந்த நேரம்தான் எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் யாழ்ப்பாணத்தில். நான் அவவுக்குக் கடிதம் எழுதவேண்டும். என்ன எழுதுவது? உண்மையை எழுதினால் இரண்டு வரியில் முடிந்துவிடும். வேலைக்குப் போனேன், வந்தேன். ஆகவே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினேன். இங்கே பிரிட்ஜ் பச்சை நிறம். கார்பெட்டில் நடந்தால் கணுக்கால் தெரியாது. டிவிக்குக் கதவு உண்டு. இன்ன சாமான் இன்ன விலை. பொய் சொல்கிறேன் என்று நான் சத்தியமாக நினைக்கவில்லை. நான் இன்னும் நல்ல வீடுகளுக்குள் போகவில்லை, அங்கெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். அச்சடித்து விலை போட்ட புத்தகம் பொய் சொல்லுமோ?

அப்படி ஆறு கடிதம் போனது.

பிறகு ஒரு நாள் அந்த நாலு டொலர்ச் சேர்ட்டின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய கடைக்குப் போனேன். விற்கிற பெட்டை பக்கத்தைப் பார்த்துவிட்டு மற்றப் பெட்டையைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் மனேஜரைக் கூப்பிட்டார்கள். மனேஜர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, தனக்குக் கலியாணம் நடந்த வருசத்துப் புத்தகம் என்றார். எழுபத்திரண்டாம் ஆண்டு. அதுவும் அமெரிக்காவினது. தன்னிடமும் இப்படியொரு சேர்ட் இருந்ததாம், நெருப்புக் குச்சியைக் கிட்டக் கொண்டுபோனால் உருகுமாம்.

அன்றைக்குப் பேஸ்மென்டுக்கு வந்து, எங்களோடு இருந்த வான் அண்ணையிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் தீவுப்பக்கத்து வேதக்காரர், கத்தோலிக்கர், டெலிவரி வான் ஓட்டியவர், எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பார்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது எண்டு படிச்சனியோ, இல்லையோடா?" என்றார்.

"படிச்சனான் அண்ணை."

"நீ சுரைக்காயை மட்டுமோ, முழுச் சந்தையையும் எல்லோ ஏட்டிலயிருந்து அனுப்பியிருக்கிறாய்! உண்மையை எழுது."

"பொம்பிளை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டால்?"

அவர் தாடையைச் சொறிந்தார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் எண்டும் சொல்லியிருக்கினம். இதுவரைக்கும் எத்தினை வந்திருக்கும்?"

எண்ணிப் பார்த்தோம். இருநூற்றைத் தாண்டவில்லை. கைவசம் எண்ணூறு மிச்சம் இருக்கிற தைரியத்தில் இன்னும் இரண்டு கடிதம் எழுதினேன். முதல் ஆறும் அறியாமை. பிந்திய இரண்டும் அயோக்கியத்தனம். எட்டாவதில் தண்ணி மெத்தையைப் பற்றியும் எழுதிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அவவுக்கு விசா கிடைத்தது. ஸ்காபரோவை ஒட்டிய மில்லிக்கனில் இருக்கிற அவவின் அன்ரி வீட்டில் வந்து நிற்பதாக ஏற்பாடு. வந்து தொண்ணூறு நாளுக்குள் கலியாணம் செய்ய வேண்டும், இல்லையென்றால் பெண் திரும்பிப் போகவேண்டும், அந்தக் காலத்துச் சட்டம் அது. என் கடிதங்களை நம்பி ஒரு பெண் கடல் தாண்டி வருகிறா. வந்து பார்த்துவிட்டு, உவன் புளுகன், எனக்கு வேண்டாம் என்றால் அதோடு நான் முடிந்தேன். ஸ்காபரோவில் யார் எனக்குப் பெண் கொடுப்பார்கள்?

"ஒரு வழி இருக்கு," என்றார் வான் அண்ணை. "கடிதத்தை மாத்த ஏலாது. வீட்டை மாத்தலாம்."

ஓர் அபார்ட்மென்ட் எடுத்தேன். எழுதியதெல்லாம் அதற்குள் இருக்கவேண்டும். அப்போதுதான் கடவுளின் கருணை எங்களுக்குப் புரிந்தது. பதினேழு வருசத்துக்கு முந்திய அந்த அழகுச் சாமான் எல்லாவற்றையும் ஊர் முழுக்க அந்த வருசமே வெளியே எறிந்துகொண்டிருந்தார்கள்! குப்பை நாளில் வானை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவோம். கதவு வைத்த டிவிப் பெட்டி ஒஷாவாவில் ஒரு வாசலில் நின்றது. டிவி வேலை செய்யாது, கதவு வேலை செய்யும். மயிர்க் கார்பெட் சுருட்டியபடி கிடைத்தது, விரித்தபோது உள்ளே ஒரு பல்செட். மஞ்சள் டெலிபோன், சீஸ் உருக்குகிற சட்டி, எல்லாம் வந்தன. மெத்தையை மட்டும் வீட்டுச் சொந்தக்காரன் விடவில்லை. கீழ்வீட்டுக்காரருக்கு நீந்தத் தெரியாது என்றான்.

பச்சைப் பிரிட்ஜ்தான் நெடுநாள் அகப்படவில்லை. ஒரு விடியற்காலை மில்லிக்கனில் ஒரு வாசலில் கண்டோம். அப்படியொரு பச்சை! கதவில் ஏதோ படம் ஒட்டி, சுரண்டி, முழுக்கப் போகாமல் அரைவாசி நின்றது. ஒரு தாமரை, ஒரு யானையின் பின்பக்கம், பொற்காசு கொட்டுகிற ஒரு கை.

"அண்ணை, உது லட்சுமியெல்லோ?"

"வெள்ளைக்காரன் லட்சுமி ஒட்டுவானோடா?"

"ஆர் வீடோ?"

"ஆர் வீடெண்டால் என்ன, தூக்கு! லட்சுமி தானாய் வாறா, வீடு விசாரிக்கிறாய்!"

அவ வந்திறங்கிய நாள் கடுகு மஞ்சளில் ஒரு சூட் போட்டுக்கொண்டு எயார்போர்ட்டுக்குப் போனேன். பழைய உடுப்புக் கடையில் எடுத்தது, புத்தகத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துச் சூட் மாதிரியே அச்சாக இருந்தது. கிருதாவும் வளர்த்திருந்தேன். அவ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சுகமோ?" என்று மட்டும் கேட்டா. பக்கத்தில் நின்ற அன்ரி, "தம்பி ஏதும் நாடகத்தில நடிக்கிறவரோ?" என்று அவவின் காதுக்குள் கேட்டது எனக்கும் கேட்டது.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் வீடு பார்க்க வந்தார்கள். நான் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றேன். அவ கார்பெட்டில் கால் வைத்தா. உண்மையாகவே கணுக்கால் தெரியவில்லை. டிவியின் கதவைத் திறந்து மூடினா. மஞ்சள் டெலிபோனின் வயரை இழுத்துப் பார்த்தா. முகத்தில் மெல்லிய சிரிப்பு ஒன்று வரப்போகிறது போலிருந்தது. வான் அண்ணை எனக்குக் கண்ணடித்தார். அந்த நேரம் பார்த்து அன்ரி குசினிக்குள் போனா.

"இஞ்ச வாடி பிள்ளை!"

எல்லோரும் ஓடினோம். அன்ரி பிரிட்ஜுக்கு முன்னால் நின்றா, விரல் அந்த யானையின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இது நான் ஒட்டினது. பதினாலு வருசத்துக்கு முந்தி ஒட்டினது. எறியக்குள்ள சாமிப் படத்தோட எறியக்கூடாதெண்டு வெந்நீர் ஊத்திச் சுரண்டினனான், என்ர நகம் போனதுதான் மிச்சம். உது என்ர பிரிட்ஜ்!"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவ வந்து அன்றைக்கு ஆறாம் நாள். கெட்டிக்காரனாகக்கூட நான் இல்லை.

"என்ர குப்பையில குடும்பம் நடத்தவோ தம்பி என்ர பெறாமகளைக் கூப்பிட்டனீர்?" அன்ரி சன்னதம் ஆடினா. "வாடி போவம்!"

அவ போகவில்லை. கைப்பையைத் திறந்து என் எட்டுக் கடிதங்களையும் எடுத்துக் குசினி மேசையில் அடுக்கி வைத்தா.

"இதுகளை எங்க பாத்து எழுதினீங்கள்?"

புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவ அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பக்கம் புரட்டினா. முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றா. சூட் போட்ட வெள்ளைக்காரனைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"உவர் உங்கட தமையனோ?"

வான் அண்ணை சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்து இரண்டிலும் தோற்றார்.

"இஞ்சேருங்கோ," என்றா அவ என்னிடம். "நான் உங்களிட்டைப் பிரிட்ஜ் கேட்டனானோ? இந்த எட்டையும் அம்மா எங்கட ஒழுங்கையில வீடு வீடாய் வாசிச்சுக் காட்டியிருக்கிறா. தண்ணி மெத்தையையும் சேத்து. இப்ப ஒன்பதாவது எழுதவேணும். நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கோ. அதைப் படிச்சிட்டு அம்மா சரியெண்டால் பாப்பம். இல்லையெண்டால் எனக்கு ஊருக்குப் போகத் தெரியும்."

அடுத்த சனிக்கிழமை சுப்பர்மார்க்கெட்டில் வைத்து எழுதினோம். அவ முன்னால் நடந்து விலை வாசிக்க, பின்னால் வண்டிலில் கடுதாசியை வைத்துக்கொண்டு நான் எழுதினேன். பாண், பால், முட்டை, கோழி. அந்தக் கடைப் பெடியன் நாங்கள் எதிர்க்கடையின் உளவாளிகள் என்று நினைத்து இரண்டு வரிசை தள்ளிப் பின்தொடர்ந்தான். முத்திரை எட்டுச் சதம் இல்லை, முப்பத்தெட்டு. பெற்றோல் விற்பது லீற்றர்க் கணக்கில். சம்பளம் இவ்வளவு, வாடகை இவ்வளவு. பிரிட்ஜ் அன்ரி எறிந்தது, டிவி கதவு மட்டும். "கதவு மட்டும் எண்டதுக்குக் கீழ கோடு போடுங்கோ," என்றா. போட்டேன்.

கடிதம் போய் பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல். ஊரில் சண்டை. நாள் ஐம்பது, அறுபது, எழுபது. அவ புத்தகத்தை அன்ரி வீட்டுக்குக் கொண்டுபோய் இங்கிலீசு படித்தா. அன்ரி எனக்குத் தேத்தண்ணி தருவா, ஆனால் கதிரை தரமாட்டா. நான் கிருதாவை வழித்துவிட்டேன். வான் அண்ணை மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தார். மாதா இந்துக்களின் கலியாணத்துக்கும் உதவுவாவோ என்று கேட்டேன். "ரெண்டு கட்டாய்க் கொளுத்தினால் உதவுவா," என்றார்.

எண்பத்துமூன்றாம் நாள் அவவும் அன்ரியும் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கையில் கடிதம். அவ குசினியில் நின்றபடியே சத்தமாக வாசித்தா.

"பிள்ளைக்கு அம்மா எழுதுவது. உந்தப் பெடியன் புளுகுறான் எண்டு எனக்கு முதல் கடிதத்திலயே தெரியும். அந்த விலைக்கு இஞ்ச பழைய சைக்கிளும் வாங்கேலாது. ஒழுங்கைச் சனம் கேட்டுச் சந்தோசப்பட்டதால நானும் பேசாமல் வாசிச்சன். இஞ்ச கரண்ட் வாறதும் போறதும். பிரிட்ஜ் பச்சையெண்டால் என்ன, ஆர் எறிஞ்சதெண்டால் என்ன. உள்ளுக்க குளிருதோ எண்டு கைய விட்டுப் பார். குளிருதெண்டால் செய்."

அவ கடிதத்தை மடித்தா. பிரிட்ஜின் கதவைத் திறந்தா. முழங்கைவரை கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றா. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்த மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் நான் எந்தச் சாமியையும் அப்படிக் கும்பிட்டதில்லை, அந்த அரை லட்சுமியைக் கும்பிட்டேன்.

"பதினாலு வருசம் ஒரு பிழை விடேல்லை," என்றா அன்ரி, தன்னை அறியாமல். "நிறம் பிடிக்காமல்தானே எறிஞ்சனான்."

"குளிருது," என்றா அவ.

பிறகு கையை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா.

"அந்தக் கடுகுச் சூட்டைக் கலியாணத்துக்குப் போட்டியளெண்டால் மட்டும் நான் பிளேன் ஏறிடுவன்."

எண்பத்தொன்பதாம் நாள் தாலி கட்டினேன். பட்டு வேட்டிதான் கட்டியிருந்தேன். அது வான் அண்ணையுடையது.