மருந்தடிக்கும் முன் ஒரு டம்ளர்

தங்கையன் எனக்குப் பக்கத்து வயல்காரர். இரண்டு முறை அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

முதல் முறை, குறுவைக்குப் பூச்சிமருந்து அடித்தபோது. முகத்தில் துணி கட்டச் சொன்னால் வேர்க்கிறதாம். காற்றுக்கு எதிரே நின்று அடித்து, வாயில் நுரை தள்ளி வரப்பில் விழுந்தார். இரண்டு நாள் ஊசி மேல் ஊசி. பிழைத்ததும் டாக்டர் நுஸைபா சிரித்தபடி சொன்னார்.

“உங்களக் காப்பாத்துன மருந்து இருக்கே, அது நம்ம ஊமத்தையிலயும் இருக்குங்க.”

அந்த அம்மா அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஊமத்தை எங்களுக்குப் புதிதா? வாய்க்கால் மேடெல்லாம் வெள்ளையாய்ப் பூத்து நிற்கும். பூவைப் பிள்ளையாருக்கு வைப்போம். இலையை வதக்கி முழங்கால் வீக்கத்துக்குக் கட்டுவோம். இழுப்புக்காரர்கள் காய்ந்த இலையைப் புகைப்பதும் உண்டு. வாயில் மட்டும் யாரும் வைப்பதில்லை. ஆடுகூட ஒதுங்கிப் போகும். தங்கையன் யோசித்தார். விழுந்த பிறகு விஷமுறிவு எதற்கு, விழுவதற்கு முன்பே குடித்துவிட்டால்?

சம்பாவுக்கு மருந்தடிக்கும் நாள், வீட்டில் சொல்லாமல் ஒரு டம்ளர் ஊமத்தைக் கஷாயம் குடித்துவிட்டு வந்தார். முகத்தில் துணி இல்லை. ஏன் அண்ணே என்று கேட்டேன்.

“உள்ளுக்கே கட்டியாச்சு தம்பி.”

கொஞ்ச நேரத்தில் நாக்கு வறண்டு, இல்லாத ஆட்களை அதட்ட ஆரம்பித்தார். ஸ்பிரேயர் மூடியைக்கூட அதுவரை திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வையைக் கிள்ளிக் கிள்ளி நாற்று நட்டார். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் ஆள் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் மனைவி கண்ணாத்தாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நட்டது போதுங்க, கரையேறுங்க.”

மூன்றாம் நாள் கரையேறினார். டாக்டர் பிடிபிடியென்று பிடித்தார்.

“ஊசியில நாங்க அளந்து போடுறோம். செடியில எவ்வளவு இருக்குன்னு யாருக்குங்க தெரியும்? செடிக்குச் செடி மாறும். இன்னொரு வாய் குடிச்சிருந்தா ஆளே இல்ல.”

தங்கையன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். பிறகு ஆர்வமாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சரிங்க டாக்டர். இந்த ஊமத்தை விஷத்துக்கு என்ன முறிவு குடுத்தீங்க?”

இவர் அடுத்து எதைக் குடிப்பார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஊமத்தைக்குப் போட்ட அந்த முறிவு ஊசி பூச்சிமருந்துக்குப் பங்காளி, இரண்டும் உடம்பில் ஒரே வேலையைத்தான் செய்யும் என்று முந்தின நாள்தான் டாக்டர் எங்களிடம் தனியாகச் சொல்லியிருந்தார். கண்ணாத்தாள் டாக்டரையே பார்த்தாள்.

“குளுக்கோஸ்தாங்க,” என்றார் டாக்டர்.