தோளில் நான்கு விரல்

“…ஆளத்தான் வெட்டிட்டீங்க, கைய எதுக்குடி விட்டு வச்சிருக்கீங்க? ஒத்தாசைக்கு இருக்கட்டும்னா?” என்று அத்தை கேட்டதும் முதலில் சிரித்தது நான்தான். எதைச் சொல்கிறார் என்று புரிவதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டேன்.

அத்தை பேச்சு அப்படி. அப்பாவின் தங்கை அவர்; உடையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஒல்லியான மாப்பிள்ளை ஒருவரைப் பார்த்துவிட்டு, “கொடியில காயப்போட்ட சட்டையாட்டம்ல இருக்காரு, காத்தடிச்சா புடிச்சுக்குங்க” என்றார். என் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, “ஏன்டி, பருப்பு ஊருக்குப் போயிருக்கா?” என்றார். அதையெல்லாம் பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் சொல்லிச் சொல்லி எனக்கு மாளாது. குத்து வாங்கியவர் முகம் என்ன ஆயிற்று என்பதை மட்டும் நான் எங்கேயும் சொன்னதில்லை.

அன்று என் மகளுக்கு முதல் பிறந்தநாள். பங்குனி. குரும்பலூரில் எங்கள் வாசல் வேம்பு பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கூட்டிவிட்டு நிமிர்ந்தால் மறுபடி விழுந்து கிடக்கும். வீட்டு அலங்காரம் முழுக்க என் தங்கச்சி வேலை. என் மகள் பிறந்த மாசம்தான் அவள் புருஷனை விட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ போனதில்லை. பெரம்பலூருக்குப் பஸ் ஏறினால் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவாள். இந்த விசேஷத்தில் அவளை நாலு பேர் முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

“புள்ளையத் தூக்கிக்கிட்டு கேக்குக்கிட்ட நீதான் நிக்கணும். இல்லன்னா கேக்கே வெட்ட மாட்டேன்” என்றேன்.

மூன்று நாள் யோசித்து, “சரிக்கா, நிக்கிறேன்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்த வேகத்தைப் பார்க்க வேண்டும். கலர் பேப்பரில் ரோஜா சுற்றினாள். பழைய மஞ்சள் புடவையை மடிப்பு மடிப்பாகச் சுவரில் தொங்கவிட்டாள். பூவோடு இருந்த வேப்பங்கொத்தை ஒடித்து வந்து நிலையில் கட்டினாள். “பலூன மட்டும் மத்தியானத்துக்கு மேல ஊதுவோம்க்கா, வெயிலுக்கு வெடிச்சிரும்” என்றாள். பாட்டுகூட முணுமுணுத்தாள்.

எங்கள் பக்கம் எந்த விசேஷம் என்றாலும் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியாக வேண்டும். நடுவில் குழந்தை, கீழே வட்ட வட்டமாக வாழ்த்துகிற சொந்தங்கள். படம் விட்டுப்போனவர் அடுத்த விசேஷம் வரைக்கும் பேச மாட்டார். குழந்தைக்குச் சித்தி என்று போடுகிற வட்டத்துக்குத் தங்கச்சி தன் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றைக் கொடுத்தாள். “கண்ணீர் அஞ்சலிக்குப் போடுற படமாட்டம் இருக்கு” என்று தள்ளிவிட்டு, என் வளைகாப்பில் எடுத்த படத்தைக் கடைக்கு அனுப்பினேன். அவள் அவ்வளவு அழகாக இருந்த படம் வேறு கிடையாது. பக்கத்தில் அவள் புருஷன் நின்றார். அவரை எடுத்துவிடச் சொன்னேன். கடைக்காரர் எடுத்துவிட்டார். தோளில் போட்டிருந்த கையை எடுக்கவில்லை.

ஃப்ளெக்ஸ் வந்து, என் வீட்டுக்காரர் அதைக் கட்டி முடித்தபோது நான் என் மகளின் பெரிய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தால், தங்கச்சி வட்டத்தின் மேல் மூன்று பலூன் கட்டியிருந்தது.

“ஏன்டி ஒம் மூஞ்சிய மறைச்சு வச்சிருக்க?”

“இருக்கட்டும்க்கா. அங்கதான் நல்லாருக்கு.”

“இந்த வெக்கத்தையெல்லாம் இன்னியோட விட்டுரணும்” என்று நானே அவிழ்த்து மறுகோடியில் கட்டினேன். அவள் ஏதோ சொல்ல வந்து, என் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, ரோஸ்மில்க் கலக்க உள்ளே போய்விட்டாள். நான் அப்போதும் வட்டத்தைப் பார்க்கவில்லை. பலூன் சரியாக நிற்கிறதா என்றுதான் பார்த்தேன்.

அஞ்சு மணிக்கு வந்த அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் வட்டத்துக்குள் இருந்த அந்தக் கையைக் கண்டுபிடித்தார். நான் சிரித்தேன். வீட்டுக்காரியே சிரித்த பிறகு வந்தவர்களுக்கு என்ன? எல்லாரும் சிரித்தார்கள்.

“மோதரத்தப் பாருங்கடி, நம்ம வூட்ல போட்ட மோதரம். அத வாங்குற வரைக்கும் கைய விட மாட்டா போலருக்கு” என்றார் அத்தை.

அரியலூர்ச் சித்தி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார். “நாலு வெரலுதான இருக்கு, கட்டவெரலக் காணுமே?”

“முதுகுப் பக்கம் இருக்கும். புடிச்ச புடி அப்படி” என்றார் அத்தை.

சமையல்கட்டு ஜன்னல் வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது. “அத்தை, உள்ள வாங்க, காத்தாட ஒக்காருங்க” என்றேன்.

அப்போது தங்கச்சி வெளியே வந்தாள். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். இரண்டு கையாலும் ரோஸ்மில்க் தட்டைப் பிடித்திருந்தாள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவள் தோளில் இருந்தது.

“வாங்க அத்தை, எடுத்துக்குங்க” என்று தட்டை நீட்டினாள்.

“டம்ளர் எங்க போயிரப் போவுது? நீ இப்படி வந்து நில்லுடி” என்று அத்தை அவளை முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஃப்ளெக்ஸ் முன்னால், அவளுடைய வட்டத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். தட்டை வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை. என் இடுப்பில் குழந்தை இருந்தது. அத்தை படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து அளவெடுத்துக்கொண்டார். பிறகு அதே தோளில், அதே இடத்தில் நான்கு விரலை விரித்து வைத்து, கட்டைவிரலைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “எடுங்க மாப்ள” என்று என் வீட்டுக்காரர் கையிலிருந்த போனைப் பார்த்துச் சிரித்தார்.