ஒரு சீடிக்குள் அடங்காத கலியாணங்கள்

அநியாயம் நடந்தது தண்ணீரூற்று சபீனா அக்காவுக்கு. செய்தது நான். அவவுடைய உம்மாவை நாலைந்து சாம்பல் சதுரங்களாக்கி, ஒரு சீடியில் போட்டு, நல்ல உறையும் தேடிக் கொடுத்தேன்.

அடுத்தவர் வீட்டு வீடியோவைச் சுருக்கிக் கொடுக்கிற தொழிலில் அகப்பட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: மூன்று மணி நேரக் கசெற்றைக் கணினிக்குள் ஏற்ற மூன்று மணி நேரம்தான் எடுக்கும், ஒரு நிமிடம்கூடக் குறையாது. போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் பல்கலைக்கழகம் மூடிக் கிடந்த மாதங்களில், கிளிநொச்சியில் குணம் அண்ணையின் வீடியோக் கடையில், காதில் ஹெட்போனோடு அந்த மணித்தியாலங்களைத் தனியே கழித்தவள் நான். கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு திசையில். வாதாட ஒரு சீவன் இல்லை. ஆகவே வாடிக்கையாளரோடு வாதாடினேன்.

மிச்சம் எங்கை?

முந்தி ஒரு கலியாணத்துக்கு மூன்று நான்கு வீசிடி வேண்டும். புதிதாக வந்த எம்பெக்-4 என்ற சுருக்கும் முறையில் முழுக் கலியாணமும் ஒரே சீடியில் அடங்கிவிடும். அதைக் கடைக்குக் கொண்டுவந்தது நான்தான் என்ற பெருமை எனக்கு. ஸ்கந்தபுரத்து வயல்காரர் செல்லத்துரை ஐயா, மகளின் கலியாண வீடியோவைக் கனடாவில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு அனுப்ப வந்தார். நான் கொடுத்த சீடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். "மிச்சம் மூண்டும் எங்கை?" என்றார்.

கரும்பலகை ஒன்றுதான் குறை, அப்படி விளக்கினேன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் மாறுவதை மட்டும்தான் இது எழுதிவைக்கும். மாறாததைத் திரும்பத் திரும்ப எழுதாது. அதனால்தான் இடம் மிச்சம் என்று. ஐயா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பிள்ளை, நீ படிச்சனீ, நான் மறுக்கேல்லை. ஆனா சம்பந்தி பகுதி தங்கட வீட்டு விசேசத்தை அஞ்சு சீடியில அனுப்பினவை. நான் ஒண்டை அனுப்பினா என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?"

சந்தையில் மணப்பெண்

ஒருநாள் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற பெண்ணைக் கண்டதும் எனக்கு மனம் பூரித்துப்போனது. தாலி ஏறும்போது அவள் அழுகையை அடக்கினது எனக்குத் தெரியும். ஒரு துளி மட்டும் கன்னத்தில் இறங்கினதும் தெரியும். சுருக்கிய படத்தில் அந்தத் துளி உடையக்கூடாது என்று அந்த இடத்தை மூன்று தரம் திரும்பச் செய்தவள் நான். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "எப்பிடி இருக்கிறீங்கள்? அவர் சுகமோ?" என்று கேட்டேன்.

அவள் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "குறை நினையாதேங்கோ. நீங்கள் மாப்பிள்ளை பகுதியோ?"

அலுமாரிக்குப் பக்கத்தில்

சபீனா அக்கா துணி வியாபாரம் செய்பவ. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நீண்ட காலம் இருந்துவிட்டுத் தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்தவ. இடம்பெயர முந்தித் தங்கள் வீட்டில் நடந்த மூத்த சகோதரி ராத்தாவின் கலியாணக் கசெற்றைக் கொண்டுவந்தா. நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். "சின்னதாக்கினா வடிவாத் தெரியுமா தங்கச்சி?" என்று கேட்டா. "ஒரு வித்தியாசமும் பிடிக்கமாட்டீங்கள்" என்றேன்.

அடுத்த கிழமை சீடியோடு வந்தா. கடைக் கணினியில் போட்டோம். மாப்பிள்ளை தெரிந்தார். சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட்டவர்களின் விரல்கள்கூடத் தெரிந்தன. அக்கா விரல் வைத்த இடம் பின்னாலே, அலுமாரிக்குப் பக்கத்து இருட்டு. அங்கே சதுரங்கள் நின்று நடுங்கின. உம்மா புத்தளத்தில் மௌத்தாகி, அங்கேயே அடக்கமாம். வேறு படமே இல்லையாம். கசெற்றை ஓட்ட டெக் இல்லாத அத்தனை வருசமும், உம்மா எந்த இடத்தில் வருவா என்பது மட்டும் அக்காவுக்கு மறக்கவில்லை.

அசையாததையும் இருட்டில் இருப்பதையும் ஒருவரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த முறை இடத்தை மிச்சம் பிடிக்கிறது. எவ்வளவு பிடிக்கலாம் என்று அதற்குச் சொன்னது நான். அக்கா ஏசியிருந்தால் நானும் பதிலுக்குக் கதைத்திருப்பேன். அவ ஏசவில்லை. "இந்த இடத்திலதான் இருந்தவ. என்ட உம்மா எங்க தங்கச்சி?"

அண்ணையின் நியாயம்

கணினிக்குள் முதலில் ஏற்றிய பெரிய கோப்பு இருந்திருந்தால் பிரச்சினை இல்லை. இடம் போதாதென்று அதை அழித்ததும் நான்தான். இனிக் கசெற்றைத் திரும்ப ஓட்ட வேண்டும். குணம் அண்ணை மறுத்துவிட்டார். பூஞ்சணம் பிடித்த நாடா, இன்னொரு தரம் ஓடினால் அறும், டெக்கும் பழுதாகும் என்றார்.

"மணவறையில இருக்கிறவைக்கு மட்டுமோ அண்ணை முகம் வேணும்?" என்று கத்தினேன். விவாத மேடைகளில் கிண்ணம் வாங்கினவள், பாதியிலேயே அழுதுவிட்டேன். அண்ணை மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "படம் ஓடுது. கலியாணம் தெரியுது. மூலையில இருந்தவைக்கு நான் என்ன செய்யிறது?"

சுருக்காத ஐந்து நிமிடம்

நாடா அக்காவுடையது; முடிவும் அவவுடையதாக இருக்கட்டும். அறக்கூடும் என்பதை மறைக்காமல் சொன்னேன். "ஓட்டுங்க" என்றா. அதற்குப் பிறகு அண்ணை தானே ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, அந்தப் பகுதி நாடாவைச் சாண் சாணாகத் துடைத்தார். ஐந்து நிமிடம் ஏறியது. அடுத்த நொடி டெக் கிறீச்சிட்டு நாடாவைச் சப்பிவிட்டது.

அந்த ஐந்து நிமிடத்தைச் சுருக்காமல், ஒரு சீடி முழுவதையும் அதற்கே கொடுத்து, அக்காவுக்கு முன்னால் போட்டேன். சதுரம் இல்லை. அலுமாரிக்குப் பக்கத்தில் பாயில் ஒரு மனுசி இருந்தா. கமரா திரும்பியதும் முக்காட்டை முன்னுக்கு இழுத்து முகத்தை மூடி, சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டா. கடைசிவரை அப்படியே. ஒரு முதுகு, முக்காட்டைப் பிடித்த ஒரு கை, அவ்வளவுதான். ஒரு முதுகுக்காக ஒரு கசெற்றைக் கொன்ற கெட்டிக்காரி நான் என்று நினைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

சபீனா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தா. "யா அல்லாஹ், இதுதான் எங்கட உம்மா! கமராவைக் கண்டா இப்பிடித்தான். முகத்தைக் காட்டியிருந்தா, வேற ஆரோ எண்டு நினைச்சிருப்பன்."