ஸ்டார்போர்டு டென்னுங்க

1. பிளீஸுக்குத் தடை

ஈரோட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்தாறு வருஷம் ஆங்கிலம் நடத்திவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கோயமுத்தூருக்குக் குடிவந்தேன். சும்மா இருந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும். நீலாம்பூர் பக்கம் கப்பலில் வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்றில் ஆங்கில ஆசிரியை தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். கடலை நான் ஆயுளில் மொத்தமாக நாலு தடவை பார்த்திருப்பேன். அதுவும் காலை நனைத்துவிட்டுச் சுண்டல் வாங்கித் தின்ற அளவோடு சரி.

அந்த நிலையம் முன்பு ஒரு ஸ்பின்னிங் மில்லின் பஞ்சு குடோனாக இருந்தது. அதற்குள் ஒரு கப்பலின் மேல்தளத்து அறையை அப்படியே செய்து வைத்திருந்தார்கள். சுற்றிலும் பெரிய பெரிய திரைகள், அவற்றில் கடல். நடுவில் ஸ்டியரிங் வீல். இதற்குப் பேர் சிமுலேட்டர். கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடும்வரை கடலும் காணாமல் போய்விடும்.

நிலையத்தின் தலைவர் கேப்டன் ஜெயசீலன், தூத்துக்குடிக்காரர். முப்பது வருஷம் கடலில் இருந்தவர். பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசினாலும் வாசலில் நிற்கிற வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார், அப்படி ஒரு குரல். முதல் நாள் நான் தயாரித்துக் கொண்டுபோன பாடத்தைப் புரட்டிப் பார்த்தவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"என்ன டீச்சர் இது? 'பிளீஸ்', 'கைண்ட்லி', 'வுட் யூ மைண்ட்'... கப்பலு பாறையில ஏறப்போவுது, அப்பப் போயி 'கொஞ்சம் வலப்பக்கம் திருப்ப முடியுமா'ன்னு கேட்டுக்கிட்டு நிப்பியளா?"

"மரியாதையாப் பேசறதுல என்னங்க சார் தப்பு?"

"தப்பு இல்ல. நேரம் இல்ல."

இருபத்தாறு வருஷம் பிளீஸ் சொல்லச் சொல்லி அடித்துக்கொண்டவள் நான். பிளீஸ் போடாத லீவ் லெட்டரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். முதல் நாளே அதற்குத் தடை. வீட்டுக்கு வந்ததும் வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். கோபத்தில், கேப்டன் கையில் கொடுத்தனுப்பிய கப்பல் கட்டளைப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்ததுதான் தப்பாகிவிட்டது. பிடித்துப்போய்விட்டது.

விஷயம் ரொம்ப எளிது. வலது பக்கத்துக்கு ஸ்டார்போர்டு, இடது பக்கத்துக்கு போர்ட். நடுவில் கொண்டுவர மிட்ஷிப்ஸ். அதிகாரி 'ஸ்டார்போர்டு டென்' என்றால் வலது பக்கம் பத்து டிகிரி. ஸ்டியரிங் பிடிக்கிறவர் அதே வார்த்தையை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு வீலைத் திருப்ப வேண்டும், திருப்பி முடித்ததும் பத்தில் நிற்கிறது என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும். 'ஓகே', 'யெஸ்', 'சரி' எதுவும் செல்லாது. சொன்னதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று நினைத்தேன். மயில்சாமி வந்து சேரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. வீலோடு பேசியவர்

மயில்சாமிக்குப் பவானி. வயது முப்பத்து மூன்று. ஆறு வருஷம் கப்பலில் டெக்கில் நின்று சுத்தியலால் துருத் தட்டிப் பெயிண்ட் அடித்தவர். ஸ்டியரிங் பிடிக்கிற சான்றிதழ் வாங்கினால் மேலே ஏசி அறைக்குப் போகலாம். வேறு இடத்தில் இரண்டு தடவை தேர்வு எழுதி இரண்டிலும் ஃபெயில். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. "இன்னொருக்கா அந்தச் சுத்தியலத் தொட்டன்னா கை ரெண்டும் உழுந்துருமுங்க மேடம்" என்றார். கையைக் காட்டினார். காய்ப்புக் காய்த்துச் செங்கல் மாதிரி இருந்தது.

வீல் பிடிப்பதில் மனிதர் கெட்டிக்காரர். கப்பல் அவர் கையில் அசையாமல் போகும். ஆனால் வாயைத் திறந்து கட்டளையைத் திருப்பிச் சொல்ல மாட்டார். கேப்டன் "ஸ்டார்போர்டு டென்" என்று கத்துவார். மயில்சாமி தலையை ஆட்டி, "சரிங்க சார்" என்பார். வீல் கச்சிதமாகப் பத்தில் போய் நிற்கும்.

"திருப்பிச் சொல்லுவே!"

"புரிஞ்சுதுங்க சார்."

"புரிஞ்சுதான்னு நா கேட்டனா? திருப்பிச் சொல்லு!"

"சரிங்க சார்."

மூன்று நாள் இப்படியே ஓடியது. கேப்டனின் தொண்டை கட்டிவிட்டது. நாலாம் நாள் மத்தியானம் கேன்டீனில் மயில்சாமியைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன், என்னதான் பிரச்சினை என்று.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏனுங்க மேடம், பெரியவங்க சொன்னத அப்படியே அவிய மூஞ்சிக்கு நேரா திருப்பிச் சொன்னா, பழிப்புக் காட்டற மாரி இருக்காதுங்களா? எங்கூட்ல அப்படிச் சொல்லியிருந்தா எங்கய்யன் செவுள்லயே ஒண்ணு உட்டிருப்பாருங்க."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. "கடைக்குப் போயிட்டு வா" என்று என் அப்பா சொல்லி, "கடைக்குப் போயிட்டு வா" என்று நான் திருப்பிச் சொன்ன ஒரே ஒரு தடவை, அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. நம் பக்கத்து ஆளிடம் போய்ப் பெரியவர் சொன்னதைத் திருப்பிச் சொல் என்றால் வாய் எப்படி வரும்? தூத்துக்குடிக்காரருக்கு இது எங்கே புரியப்போகிறது?

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன். "மயில்சாமி, நீங்க சாருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டாங்க. வீலுக்குச் சொல்லுங்க. அவர் உங்ககிட்டச் சொன்னதை நீங்க வீலுக்கு எடுத்துச் சொல்றீங்க. அதுல யாருக்குங்க மரியாதைக் குறைச்சல்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே கேப்டன் கட்டளை கொடுக்க, மயில்சாமி லேசாகக் குனிந்து, கன்றுக்குட்டிக்குப் புத்தி சொல்கிற தோரணையில் வீலைப் பார்த்து, "ஸ்டார்போர்டு டென்னுங்க" என்றார்.

கேப்டன் சீட்டை விட்டு எழுந்தார். "டென்னுக்குப் பொறத்தால என்னவே 'ங்க'? பத்து டிகிரிக்கா மரியாதை குடுக்க?"

"இல்லீங்க சார். சும்மா டென்னுன்னு வெட்டி உட்டா நல்லாருக்காதுங்க."

அந்த 'ங்க'வைக் கழற்ற இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில், கப்பலில் 'சார்' என்று முடிப்பதே நம்ம 'ங்க'தான், ரெண்டையும் போட்டால் ஒருத்தருக்கு ரெண்டு மாலை போட்ட மாதிரி என்று சொல்லி ஒப்பேற்றினேன். மயில்சாமி அதை ஏற்றுக்கொண்டார். கேப்டனும் என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

3. வாய் தவறிய கேப்டன்

தேர்வுக்கு நாலு நாள் முன்பு அடுத்த கூத்து. திரையில் துறைமுகத்துக்குள் போகும் குறுகலான வழி. இடது பக்கம் கல் சுவர். கேப்டன் ஏதோ போன் பேசிக்கொண்டே, வலது என்று சொல்ல வேண்டிய இடத்தில் "போர்ட் டென்" என்று சொல்லிவிட்டார். எனக்கே தெரிந்தது தப்பு என்று. மயில்சாமி கண்ணிமைக்கவில்லை. "ஸ்டார்போர்டு டென், சார்" என்று வீலிடம் சொல்லி, வலது பக்கம் திருப்பிவிட்டார். கப்பல் அழகாக உள்ளே போயிற்று. போன் பேச்சில் கேப்டன் எதையும் கவனிக்கவில்லை.

பிறகு பதிவை ஓட்டிப் பார்த்தபோதுதான் மயில்சாமி மாட்டிக்கொண்டார்.

"நா போர்ட்டுன்னுல்லா சொல்லியிருக்கேன். ஒன்னய யாரு மாத்தச் சொன்னா?"

"வாய் தவறிப்போச்சுங்களே சார். இத்தன பேரு முன்னால சொன்னா உங்களுக்கு நல்லாருக்காதுங்க. அதான் நானே கமுக்கமா மாத்திப்போட்டனுங்க."

நான் மயில்சாமி பக்கம்தான் பேசினேன். பேசாமல் இருப்பேனா? "சார், எங்க பக்கத்துல அதுதாங்க பண்பாடு. எங்க காலேஜ் ஆண்டு விழால எங்க பிரின்சிபால் சீஃப் கெஸ்ட்டைப் போன வருஷத்து சீஃப் கெஸ்ட் பேரைச் சொல்லி வரவேத்துட்டாங்க. நாங்க எல்லாரும் கைதட்டினோம். அந்த சீஃப் கெஸ்ட்டே எந்திரிச்சுக் கும்பிட்டுட்டு உட்கார்ந்தாருங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலைங்க."

கேப்டன் பதிவை நிறுத்தினார். பிறகு, அதிசயமாக, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"டீச்சர், வலப்பக்கம் ஒரு மீன்பிடி வள்ளம் நின்னு, அது எனக்கு மட்டும் தெரிஞ்சு, அதுக்காவ நா போர்ட்டுன்னு சொல்லியிருந்தா? இவரு பண்பாட்டுல நாலு உசுரு போயிருக்கும். நா தப்பாச் சொன்னா அந்தத் தப்ப அப்படியே எங்கிட்டச் சொல்லணும். எங்காதுல உழுந்தாத்தான் எனக்கு ஒறைக்கும். திருப்பிச் சொல்லுதது இவருக்குக் கேட்டுச்சான்னு பாக்க மட்டுமில்ல, நா என்ன சொல்லித் தொலச்சேன்னு எனக்குக் கேக்கதுக்கு. சந்தேகமுன்னா இன்னொருக்கக் கேளு. நீயா எதையும் மூடி மறைக்காத."

மயில்சாமி, "பெரியவங்க தப்ப சத்தமாச் சொல்றதுக்குப் பழகோணுமுங்க" என்று முணுமுணுத்தார். அவர் கவலைப்பட்டது எனக்கு நன்றாகவே தெரிந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

4. வெள்ளிக்கிழமை

தேர்வு நடத்த சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அதிகம் பேசாதவர். கட்டளை கொடுக்க வேண்டிய எங்கள் பயிற்சியாளர் குடும்பத்தோடு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனவர் வழியில் கார் பஞ்சராகி அங்கேயே மாட்டிக்கொண்டார். கேப்டன் தேர்வாளரோடு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தாக வேண்டும். "டீச்சர், பேப்பர்ல பன்னெண்டு ஆர்டர் இருக்கு. வாசிச்சாப் போதும்" என்று என் கையில் ஒரு தாளைத் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆறு கட்டளைவரை தேர் மாதிரிப் போயிற்று. நான் வாசித்தேன், மயில்சாமி சொன்னார், கப்பல் கேட்டது. எனக்கே கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது. அந்த மிதப்பில் தாளை விட்டுத் திரையைப் பார்த்தேன். நேர் எதிரே, கொஞ்சம் இடது பக்கமாக ஒரு மீன்பிடிப் படகு. பொம்மைப் படகுதான். ஆனாலும் எனக்கு நெஞ்சு பக்கென்றது. வலது பக்கம் கையை நீட்டிக்கொண்டே, "போர்ட் ட்வென்டி" என்று கத்திவிட்டேன்.

மயில்சாமி என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மாற்றிச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் வீலைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்து, குடோன் அதிரும்படி சொன்னார்: "போர்ட் ட்வென்டி, மேடம்!"

கை வீலை இடது பக்கம் திருப்பத் தொடங்கிவிட்டது. என் குரலைவிடப் பெரிதாக என் தப்பு என் காதில் விழுந்தது. "மிட்ஷிப்ஸ்" என்றேன். "ஸ்டார்போர்டு ட்வென்டி" என்றேன். அவரும் சொன்னார், திருப்பினார். படகு எங்கள் பக்கத்தில் உரசாத குறையாகப் போயிற்று.

முடிந்ததும் தேர்வாளர் வெளியே வந்தார். அந்த நேரம் பார்த்து மைக் கரகரத்ததால் அந்தக் கட்டளை மட்டும் உள்ளேயும் கேட்கவில்லை, பதிவிலும் விழவில்லை. அவர் கையில் இருந்த வரைபடத்தில் வீல் இடது பக்கம் போய் வந்தது மட்டும் கோடாகத் தெரிந்தது.

"இந்த இடத்துல ஏன் போர்ட்டுக்குப் போனீங்க?" என்று மயில்சாமியிடம் கேட்டார்.

"என் தப்புங்க சார்" என்றார் மயில்சாமி, ஒரு நொடிகூட யோசிக்காமல். "மேடம் சரியாத்தானுங்க சொன்னாங்க. நாந்தான் மாத்தித் திருப்பிப்போட்டனுங்க."

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். கேப்டன் என்னைப் பார்த்தார். எனக்குப் பேச ஒரு கணம்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு கணத்தில் பாதியை நான் சும்மா நின்றே கழித்தேன். இடது வலது தெரியாத ஆங்கில டீச்சர் என்று சென்னைவரை பேர் போகுமே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு மயில்சாமியின் கை கண்ணில் பட்டது. அது இன்னும் வீலின் மேல்தான் இருந்தது.

"இல்லைங்க சார்" என்றேன். "போர்ட் ட்வென்டின்னு சொன்னது நான். அவர் நான் சொன்னதை அப்படியே சொன்னார், அப்படியே செஞ்சார். அவர் சத்தமாச் சொன்னதாலதான் எனக்கே என் தப்பு தெரிஞ்சுது."

தேர்வாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாய் ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போயிற்று. இரண்டு வரி எழுதிக் கேப்டனிடம் கொடுத்தார். மயில்சாமி பாஸ். அதன் கீழே, கட்டளை கொடுத்தவருக்குக் கூடுதல் பயிற்சி தேவை என்று இருந்தது. அந்தத் தாளைக் கேப்டன் ஒரு வாரம் நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்திருந்தார். கடல்காரர்களுக்கு இரக்கம் என்பதே கிடையாது.

சாயங்காலம் மயில்சாமி சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தோஷப்படவும் தெரியாமல் என் மேஜை முன்னால் நின்றார்.

"ஏனுங்க மேடம், உங்கள அத்தன சத்தமாக் காட்டிக்குடுத்துப்போட்டனுங்களே."

"அதுக்குத்தாங்க உங்களுக்குப் பாஸ் போட்டாங்க" என்றேன்.

அவர் போன பிறகு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வருஷம் வகுப்பில் நான் சொன்னதற்கெல்லாம் பிள்ளைகள் "சரிங்க மிஸ்" என்று தலையாட்டினார்கள். பாடத்தில் எத்தனை தப்புச் சொன்னேனோ, எந்தப் பெண்ணை "உனக்கு இங்கிலீஷ் வராது" என்று வாய் தவறிச் சொல்லி உட்கார வைத்தேனோ, தெரியாது. ஒருத்தி எழுந்து அதை என் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொல்லியிருந்தால், அன்றைக்கே மிட்ஷிப்ஸ் சொல்லியிருப்பேன்.