பொன்னுசாமி அண்ணனின் கட்டைவிரல்

“மூக்கு மட்டும் என்னோடது. மத்ததெல்லாம் மருமகன் ஜாடை.”

கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன். என் மகள் சானியாவுக்கு ஆண் குழந்தை பிறந்ததிலிருந்து என் வாய் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“பாய், இத காலையிலயே சொல்லிட்ட. மூக்கத் தவிர வேற ஏதாவது இருந்தா சொல்லு” என்றாள் எதிரில் இருந்த நாராயணம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

பொன்னுசாமி அண்ணன் மட்டும் எனக்காகப் பேசினார். “சொல்லட்டும் விடும்மா. பேரன் வந்தா வாய் சும்மா இருக்குமா? பாய், புள்ளைய எப்பக் காட்டப் போறீரு?”

“வர்ற ஞாயித்துக்கெழம பேர் வைக்கிறோம்ணா. நீங்களும் அக்காவும் வந்துருங்க.”

அவர் வந்தார். வராமலே இருந்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

பொன்னுசாமி அண்ணனுக்குச் சாத்தூர்ப் பக்கம். சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர். கல்யாணமான புதிதில் மனைவி முத்துமணியோடு ஓசூருக்கு வந்து, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் கொஞ்ச காலம், அப்புறம் சூளகிரியில் எங்கள் பிளாஸ்டிக் கம்பெனி. காருக்கு வேண்டிய கிளிப்பு, மூடி இதெல்லாம்தான் இங்கே முக்கிய வேலை. ஒரு மூலையில் மட்டும் வேறு ஒரு சாமான் செய்கிறோம். அலை மேல் நின்றுகொண்டு சறுக்கிப் போவார்களே, அந்தச் சர்ஃப் போர்டுக்கு அடியில் மீனுக்கு இருப்பது மாதிரி துடுப்பு இருக்கும். ஃபின் என்போம். அதைக் கழற்றி மாட்டலாம். பலகைக்குள் ஃபின் உட்காரும் குழிக்கு பாக்ஸ் என்று பெயர். ஃபின்னையும் பாக்ஸையும் இங்கே செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம்.

ஸ்க்ரூ கிடையாது. விரலால் அழுத்தினால் டக்கென்று உட்காரும். லூசாக இருந்தால் அலையில் கழன்றுவிடும், பலகை ஆளைத் தூக்கி எறிந்துவிடும். ரொம்ப டைட்டாக இருந்தாலும் தப்பு. பாறையில் இடித்தால் ஃபின் தானாகக் கழன்று வர வேண்டும். வராவிட்டால் பலகையின் வயிற்றையே பிய்த்துக்கொண்டு வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடம் பொன்னுசாமி அண்ணனின் வலது கட்டைவிரலுக்குத் தெரியும்.

எந்நேரமும் அதே வேலை. ஃபின்னை மாட்டுவார், கட்டைவிரலால் நெம்புவார், ‘ஓகே’ என்று என் பக்கம் தள்ளுவார். நான் பேக்கிங். இழுத்துப் பார்க்க ஒரு மீட்டரும் வாங்கினார்கள். அண்ணன் விரல் அதைவிட வேகமாக இருந்ததால், ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததோடு அது அலமாரிக்குள் போய்விட்டது. அவர் வயதுக்காரர்களையெல்லாம் அனுப்பிவிட்ட பிறகும் அவரை வைத்துக்கொண்டார்கள் என்றால் அந்த விரலுக்காகத்தான்.

நாங்கள் யாரும் சர்ஃப் போர்டை நேரில் பார்த்ததில்லை. செக்கிங் சூப்பர்வைசர் பிரேம்குமார் சார்தான் ஒருநாள் போனில் வீடியோ காட்டினார். ஒரு பையன். அவன் பின்னால் வீடு உயரத்துக்கு அலை.

“ஏ சார், அந்தத் தம்பிக்குப் பயமில்லையா?” என்று கேட்டார் அண்ணன்.

“பயம் எதுக்கு? நீங்க ஓகே பண்ண ஃபின்னுதானே” என்றார் சார் விளையாட்டாக.

அண்ணன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று முதல் லூசான பீஸ் வந்தால், “இது தம்பிக்கு ஆகாது” என்று சொல்லித்தான் ஒதுக்குவார்.

பேர் வைத்த அன்று வீடு கொள்ளாத கூட்டம். அயான் என்று பேர் வைத்தோம். நான் பிரியாணித் தட்டும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தேன். என் மனைவி வஜிஹா குழந்தையைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்தாள். அவர் குனிந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூக்கு பாய் மூக்குதான்” என்று முத்துமணி அக்கா சொல்ல, எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். பிள்ளை அவருடைய வலது கட்டைவிரலை இறுகப் பிடித்திருந்தான். குட்டி நகமெல்லாம் வெளுத்திருந்தது.

“அண்ணா, செக்கிங் பண்ணுங்க. லூசா, டைட்டா?” என்றேன் சத்தமாக.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். ஏதோ புதிதாகக் கண்ட மாதிரி பார்த்தார். விரலை மெல்ல ஆட்டினார். பிள்ளை விடவில்லை.

“டைட்டுதான் பாய்” என்றார். கண் கலங்கியிருந்தது. பேரன் பேத்தி இல்லாத மனுஷன், அதனால் என்று நினைத்தேன். அவர் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் அவர் தன் டேபிளில் உட்காரவில்லை. மிஷின் பக்கத்தில் நின்றிருந்த பிரேம்குமார் சாரிடம் போனார். நான் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன்.

“சார், நேத்து ஒரு பச்சப்புள்ள என் வெரலப் புடிச்சான். பாய் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது.”

சாருக்குப் புரியவில்லை. “என்னண்ணா சொல்றீங்க?”

“மரத்துப்போச்சு சார். முன்னாடி மதமதன்னு இருக்கும், உதறினா சரியாயிரும். வேலைக் களைப்புன்னு நெனச்சேன். டக்குன்னு உக்கார்ற சத்தத்த வச்சு சமாளிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப ஒண்ணுமே தெரியல. நான் ஓகே போட்டத எதையும் நம்பாதீங்க.”

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நாராயணம்மா கையிலிருந்த பீஸைக் கீழே வைத்தாள்.

“அண்ணா, இதச் சொன்னா டேபிள விட்டு எந்திரிக்கணும். தெரியும்ல?” என்றார் சார். மிரட்டலாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

“எந்திரிச்சுத்தான வந்திருக்கேன்.”

சார் அலமாரியைத் திறந்து மீட்டரை எடுத்தார். குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது, சட்டை ஓரத்தால் துடைத்தார். நான் டேப் ஒட்டி வைத்திருந்த பெட்டிகளை நானே கிழித்தேன். பாதிக்கு மேல் சரியாகவே இருந்தன. ஒன்று, மீட்டர் முள் அசைவதற்குள் கழன்று விழுந்தது. இன்னொன்று எவ்வளவு இழுத்தும் வரவில்லை. அப்புறம் இன்னும் சில. ஒவ்வொன்று விழும்போதும் அண்ணன் குனிந்து எடுத்து, தன் தோள் துண்டால் துடைத்து, தனியாக வைத்தார்.

“இதுக்கு முன்னாடி போன லோடு?” என்று கேட்டார்.

“மெயில் போடறேன்ணா. அவங்க கடையில இருக்கோ, பலகையில மாட்டி தண்ணிக்கே போயிருச்சோ, யாருக்குத் தெரியும்?”



ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, சர்க்கரையும் சேர்ந்து கெடுத்திருக்கிறது, ஆபரேஷன் செய்தாலும் உணர்ச்சி திரும்புமென்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இடது கையையும் ஊசியால் குத்திப் பார்த்தார். அதிலும் மரத்துப்போக ஆரம்பித்திருக்கிறது, உணர்ச்சி இன்னும் முழுசாகப் போகவில்லை என்றார்.

வீட்டில் முத்துமணி அக்கா பொரிந்து தள்ளினார். “கேட்டீரா பாய் இந்தக் கூத்த? நம்ம ஊர்லயும் கடல் கெடையாது, இந்த ஊர்லயும் கெடையாது. எவனோ சறுக்கி வெளையாடுறதுக்கு இவரு டேபிளக் குடுத்துட்டு வந்திருக்காரு. வாய மூடிக்கிட்டு இருந்தா யாரு கண்டுபிடிச்சா?”

“நீ அந்த வீடியோவப் பார்க்கலடி” என்றார் அண்ணன்.

“பார்த்தா மட்டும்?”

“அம்புட்டு அலை வருது. அவன் கீழ குனிஞ்சே பார்க்கல. அடியில எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு நின்னான்.”

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கம்பெனியில் வாட்ச்மேனாக கேட்டில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தும் பார்த்தார். கேட்டிலிருந்து பார்த்தால் நேரே அவருடைய டேபிள். அதில் இப்போது மீட்டரை வைத்துக்கொண்டு நாராயணம்மா உட்கார்ந்திருந்தாள். டீ நேரத்தில் அவள் அவரிடம் வந்து, “அண்ணா, இந்தச் சனியன் முள்ளு ஆடிட்டே இருக்கு. உன் வெரலே தேவல” என்பாள். அவர் சிரித்துவைப்பார். ஒருநாள், ஊருக்கே போய்விடுகிறேன் என்றார். அக்காவின் தம்பி வீட்டில் மாடி ரூம் இருக்கிறதாம்.

இன்று காலையில் கிளம்பிவிட்டார்கள். பஸ் ஏறுவதற்கு முன் என் வீட்டுக்கு வந்தார்கள். வெளியே ஆட்டோவில் மூட்டை, கேஸ் அடுப்பு, ஒரு ஃபேன். நான் நாற்காலி போட்டும் அண்ணன் உட்காரவில்லை.

“பாய், அந்த லோடுக்கு ஏதும் பதில் வந்துச்சா?”

“இன்னும் வரலண்ணா.”

“வந்தா ஒரு போன் போடும். நல்லதா இருந்தாலும் சரி, கெட்டதா இருந்தாலும் சரி.”

“கண்டிப்பாண்ணா.”

வஜிஹா குழந்தையைத் தூக்கிவந்தாள். அயான் இப்போது முகம் பார்த்துச் சிரிக்கிறான். இதையும் நான் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கட்டைவிரலை நீட்டினார். பிள்ளை பிடித்தான்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். “அண்ணா, பஸ் போயிரும்” என்று சொல்லிவிட்டு வஜிஹா பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் போனாள். அண்ணன் வேண்டாமென்று தலையாட்டினார்.

“இதுல இன்னும் தெரியுது, தங்கச்சி. விடச் சொல்லாத.”